ஸ்டட் மேல் ஜாயிஸ்ட் உட்கார வேண்டுமா?

டாலஸுக்கு வடக்கே எழும்பிக்கொண்டிருக்கும் புதுக் குடியிருப்புகளில் வீடு புக் செய்த நம்மவர்களுக்கு ஒரு நாள் வாய்க்கும். ஃபிரேமிங் முடிந்திருக்கும். குழாய், ஒயர், ஏ.சி. டக்ட் எல்லாம் ஓடியிருக்கும். ட்ரைவால் மட்டும் ஏறியிருக்காது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரர் தன் கண்ணால் பார்க்கக் கிடைக்கிற ஒரே நாள் அது. அப்படிப் பார்க்கப் போன தம்பி ஒருவர் அங்கிருந்தபடியே வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம். "அண்ணா, மாடி ஜாயிஸ்ட் எதுவும் கீழே இருக்கிற ஸ்டட் மேல உட்காரலை. ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவுல சும்மா நிக்குது. பில்டர்கிட்ட சண்டை போடட்டுமா?"

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கீழ்ப் பில்லருக்கு நேர் மேலேதான் மேல் பில்லர் வர வேண்டும் என்பது கொத்தனாரிலிருந்து வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். கீழே ஆதாரமில்லாமல் பீம் மேல் ஏறி நிற்கிற பில்லரை நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893 ஒழுங்கற்ற அமைப்பு என்றே பட்டியலிடுகிறது. அந்தக் கண்ணோடு மர வீட்டைப் பார்த்தால் திக்கென்றுதான் இருக்கும். ஆனால் அவர் வட்டமிட்ட இடங்களில் ஒன்றுகூட எனக்கு உறுத்தவில்லை. வட்டமிடாத ஓர் இடம் உறுத்தியது. அதற்கு வருவதற்கு முன் இந்த வீடு எப்படி நிற்கிறது என்று பார்த்துவிடுவோம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நேரமாகும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்று கட்டப்படும் மர வீடுகளில் பெரும்பாலானவை பிளாட்ஃபார்ம் ஃபிரேமிங் முறையில் எழுகிறவை. கீழ்த்தளச் சுவர்களைப் படுக்கவைத்து ஆணியடித்து, தூக்கி நிறுத்துவார்கள். அவற்றின் மேல் மாடித் தளத்தை ஒரு மேடை போலக் கட்டி முடிப்பார்கள். பிறகு அந்த மேடையில் ஏறி நின்றுகொண்டு மாடிச் சுவர்களை அதேபோலப் படுக்கவைத்து அடித்து நிறுத்துவார்கள். ஒரு சுவர், ஒரு மேடை, மறுபடி ஒரு சுவர், அதற்கு மேல் கூரை.

சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் மரம்தான் ஸ்டட். டூ-பை-ஃபோர் என்பார்கள், அளந்து பார்த்தால் 1½ அங்குலத்துக்கு 3½ அங்குலம்தான் இருக்கும். இந்த ஸ்டட்கள் கீழே படுத்திருக்கும் ஒரு சட்டத்தின் மேல் நிற்கும். அது பாட்டம் பிளேட். தலைக்கு மேல் படுத்திருப்பது டாப் பிளேட், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சட்டம். அந்த இரட்டைப் பிளேட்டின் மேல்தான் மாடித் தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட்கள் உட்காரும். ஜாயிஸ்ட் முனைகளை மூடிக்கொண்டு, சுவரின் வெளி விளிம்போடு நீளவாக்கில் ஓடும் பலகை ரிம் ஜாயிஸ்ட். இவை எல்லாவற்றின் மேலும் முக்கால் அங்குலத் தளப் பலகை. மாடிச் சுவரின் பாட்டம் பிளேட் அந்தப் பலகைமேல் உட்காரும்.

ஆக, மாடி ஸ்டட்டின் காலுக்கும் கீழ் ஸ்டட்டின் தலைக்கும் இடையில் ஒரு அடிக்கும் மேலான உயரத்துக்கு வேறு வேறு மரங்கள் இருக்கின்றன. பாட்டம் பிளேட், தளப் பலகை, ரிம் ஜாயிஸ்ட், இரட்டை டாப் பிளேட். நம் தம்பியின் கேள்விக்கான பதில் இந்த அடுக்குக்குள் இருக்கிறது.

முதலில் இடைவெளிக் கணக்கு. ஸ்டட்டுக்கு ஸ்டட் மையத்திலிருந்து மையத்துக்கு 16 அங்குலம் என்பது வழக்கம். பிளைவுட், மரச்சீவல்களை ஒட்டிச் செய்யும் ஓ.எஸ்.பி., ட்ரைவால் எல்லாமே 4 அடிக்கு 8 அடி ஷீட்டாக வருகின்றன. 8 அடி என்றால் 96 அங்குலம். அதை ஆறாகப் பங்கிட்டால் 16, நான்காகப் பங்கிட்டால் 24. ஷீட்டின் விளிம்பு எப்போதும் ஒரு மரத்தின் மேல் முடிய வேண்டும், அப்போதுதான் ஆணியடிக்க முடியும். அதனால்தான் இந்த எண்கள். ஐந்தாகப் பங்கிட்டால் 19.2 வரும். அமெரிக்க டேப்பை நீட்டிப் பாருங்கள், 19.2-லும் அதன் மடங்குகளிலும் குட்டிக் கறுப்பு வைரக் குறி இருக்கும். அது ஏன் இருக்கிறது என்று தெரியாமலே பலர் காலமெல்லாம் அந்த டேப்பை வைத்திருப்பார்கள்.

தம்பி வீட்டின் சுவர் ஸ்டட் 16 அங்குலத்தில். மாடிக்குப் போட்டிருந்தது ஐ-ஜாயிஸ்ட், அதாவது மேலும் கீழும் பட்டையான மரச் சட்டமும் நடுவில் மெல்லிய ஓ.எஸ்.பி. பலகையுமாகத் தொழிற்சாலையில் ஒட்டிச் செய்தது. அதை 19.2-ல் வைத்திருந்தார்கள். பதினாறின் மடங்கும் 19.2-இன் மடங்கும் மறுபடி எங்கே சந்திக்கும்? 96-ல். எட்டு அடிக்கு ஒரு இடத்தில்தான் ஜாயிஸ்டும் ஸ்டட்டும் நேருக்கு நேர் வரும். மற்ற இடங்களிலெல்லாம் விலகித்தான் நிற்கும். ஃபிரேமர் எவ்வளவு கவனமாக வேலை செய்திருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

சரி, விலகி நின்றால் என்ன ஆகும்? எடை எவ்வளவு என்று பார்ப்போம். குடியிருப்பு அறைக்குச் சதுர அடிக்கு 40 பவுண்ட் நடமாட்டச் சுமை, தளத்தின் சொந்த எடைக்கு 10 பவுண்ட் என்று வைத்துக்கொள்வது வழக்கம். படுக்கையறைக்கு 30 போதும் என்று அமெரிக்க விதிநூலே சொல்கிறது. நாம் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஜாயிஸ்டின் நீளம் 14 அடி என்றால் அதில் பாதி, 7 அடியின் சுமை, இந்தப் பக்கச் சுவருக்கு வரும். 7 அடி, பெருக்கல் 1.6 அடி, பெருக்கல் 50 பவுண்ட். மொத்தம் 560 பவுண்ட், ஏறக்குறைய 250 கிலோ. இது அறை முழுக்க ஆளும் சாமானும் நிரம்பியிருந்தால் வரும் எடை. அன்றாடத்தில் இதில் பாதிகூட வராது.

இந்த 560 பவுண்ட் இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில் பிளேட்டின் மேல் விழுகிறது. இரண்டு முக்காலியின் மேல் ஒரு பலகையைப் போட்டு நடுவில் உட்கார்ந்தால் பலகை வளையும். முக்காலிகளைத் தள்ளி வைத்தால் அதிகம் வளையும், பலகையை இரண்டாகப் போட்டால் குறையும். இங்கே முக்காலிகளுக்கு இடையே இருக்கும் காலி இடம் வெறும் 14½ அங்குலம். பலகை 3 அங்குலக் கனம். அவ்வளவு குட்டையான, அவ்வளவு தடித்த பலகைக்கு 560 பவுண்ட் பெரிய விஷயமில்லை.

மாடிச் சுவரிலிருந்து இறங்கும் கூரை எடையோ இதைவிடக் கூடுதல். அதைச் சுமப்பது ரிம் ஜாயிஸ்ட். அது குத்துவாட்டில், ஏறக்குறைய ஒரு அடி ஆழத்துக்கு நிற்கும் பலகை. ஒரு மாடி ஸ்டட்டின் எடை அதன் தலையில் விழுந்தால், கீழே போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்து ஸ்டட்களுக்கெல்லாம் பரவிவிடும். அதனால்தான் வெளிச்சுவரில் மேல் ஸ்டட்டும் கீழ் ஸ்டட்டும் விலகியிருப்பதைப் பற்றி அனுபவசாலிகள் அலட்டிக்கொள்வதில்லை.

இதற்கு மாடியின் உச்சியிலேயே நல்ல சாட்சி இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் கூரையைத் தாங்கும் முக்கோண மரச் சட்டங்களான டிரஸ்கள் பெரும்பாலும் 24 அங்குல இடைவெளியில் வரும். கீழே ஸ்டட் 16-ல். முதல் டிரஸ் 24-ல் என்றால் ஸ்டட்கள் 16-லும் 32-லும். சரியாக எட்டெட்டு அங்குலம். நட்டநடுவில் வந்து உட்காரும். அடுத்த டிரஸ் 48-ல் ஸ்டட்டுக்கு நேராக வரும். அதற்கடுத்தது மறுபடி நட்டநடுவில். இப்படி ஒன்று விட்டு ஒன்று அந்தரத்தில் உட்கார்ந்திருக்கும் கூரைக்குக் கீழேதான் நாட்டில் எண்ணற்ற குடும்பங்கள் தூங்குகின்றன. விதிநூலும் இதை அனுமதிக்கிறது.

விதிநூல் எங்கே கண்டிப்புக் காட்டுகிறது என்பதைக் கவனித்தால் விஷயம் இன்னும் தெளியும். ஐ.ஆர்.சி. எனப்படும் குடியிருப்புக் கட்டட விதி சொல்வது இது: சுமை தாங்கும் ஸ்டட்கள் 24 அங்குல இடைவெளியில் இருந்து, மேலே வரும் ஜாயிஸ்டோ டிரஸ்ஸோ 16 அங்குலத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றும் கீழிருக்கும் ஸ்டட்டிலிருந்து 5 அங்குலத்துக்குள் உட்கார வேண்டும். அங்கேயும் மாற்று வழி உண்டு. டாப் பிளேட்டை டூ-பை-சிக்ஸில் போட்டாலோ, மூன்றாவது பிளேட் ஒன்றைச் சேர்த்தாலோ விலக்கு. டாப் பிளேட்டை இரண்டுக்குப் பதில் ஒன்றாக்கினால்தான் பிடி இறுகுகிறது. அப்போது ஜாயிஸ்ட் ஸ்டட்டின் மையத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. கனடாவின் தேசிய விதியில் இதே ஒற்றைப் பிளேட்டுக்கு 50 மில்லிமீட்டர் வரை இடமுண்டு. பலகை தடித்திருந்தால் தாராளம், மெலிந்திருந்தால் கறார்; சட்டத்தின் உள்ளே இருப்பது அந்த முக்காலிக் கணக்கேதான்.

இந்தக் கேள்வியே எழாத ஒரு காலமும் இருந்தது. 1830-களில் சிகாகோவில் பரவிய பலூன் ஃபிரேமிங்கில் ஸ்டட்கள் அடித்தளத்திலிருந்து கூரை வரை இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே மரமாக ஓடும். மாடி ஜாயிஸ்ட் ஸ்டட்டின் பக்கவாட்டில் ஒட்டி நின்று ஆணியோடு பிடித்துக்கொள்ளும். கீழே ஒரு மெல்லிய பட்டியல் அதைத் தாங்கும். ஒட்டிக்கொண்டே நிற்பதால் விலக வழியே இல்லை. இன்னொரு நன்மையும் இருந்தது. மரம் காயும்போது நார் ஓடும் திசையில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கேதான் சுருங்கும். நீள ஸ்டட்டின் மேல் நின்ற வீடு உயரத்தில் இறங்காது. இன்றைய முறையிலோ ஈரப்பதம் பத்து விழுக்காட்டுப் புள்ளி குறைந்தால் ஒரு டூ-பை-டென் ஜாயிஸ்ட் மட்டுமே கால் அங்குலம் வரை சுருங்கிவிடும். ஆனாலும் பலூன் வழக்கொழிந்தது. நீள மரம் கிடைப்பது அரிதாயிற்று என்பது ஒரு காரணம். பெரிய காரணம் தீ. அடித்தளத்திலிருந்து பரண் வரை சுவருக்குள் தடையில்லாத குகை. கீழே பற்றியது நிமிடங்களில் மேலே போய்விடும். பிளாட்ஃபார்ம் முறையில் ஒவ்வொரு மாடியிலும் பிளேட் குறுக்கே வந்து அந்த வழியை அடைத்துவிடுகிறது. பழைய அமெரிக்க நகரங்களில் நூறாண்டு வீடு வாங்குகிறவர்கள் இதை விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

நேர்ப்படுத்தல் மறுபடி பேச்சுக்கு வந்தது 1970-களில். மரத்தைக் குறைத்து வீட்டை மலிவாகக் கட்ட அமெரிக்க வீட்டுவசதித் துறையும் வீடு கட்டுவோர் சங்கமும் சேர்ந்து ஆராய்ந்தன. ஸ்டட்டை டூ-பை-சிக்ஸாக்கி 24 அங்குலத்துக்கு ஒன்று வை. ஜாயிஸ்ட், டிரஸ் எல்லாவற்றையும் அதே 24-ல், ஒரே கோட்டில் நிறுத்து. பிறகு இரண்டாவது டாப் பிளேட் எதற்கு? இன்று அட்வான்ஸ்டு ஃபிரேமிங் என்று பேசப்படுவதன் வேர் அது. சுவரில் மரம் குறைந்தால் குளிர் தாங்கும் பஞ்சுக்கு இடம் கூடும் என்பதால் எரிசக்தி பேசுகிறவர்களுக்கு இதன்மேல் பிரியம். கணக்கு சரிதான். தளத்தில் நின்று யோசித்தால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. இரட்டைப் பிளேட் ஃபிரேமரின் சிறு கவனக்குறைவுகளை மன்னிக்கும். ஒற்றைப் பிளேட் மன்னிக்காது. ஆள் பற்றாக்குறையில் அவசர அவசரமாக எழும் தெருவில் மன்னிக்கும் முறையே பிழைக்கும்.

அப்படியானால் நேர்ப்படுத்தவே வேண்டாமா என்றால், நல்ல ஃபிரேமர் முடிந்தவரை நேர்ப்படுத்தத்தான் செய்வார். காரணம் எடை அல்ல, குழாய். ஸ்டட்களுக்கு நடுவிலுள்ள காலியும் ஜாயிஸ்ட்களுக்கு நடுவிலுள்ள காலியும் ஒன்றுக்கு மேல் ஒன்று வந்தால் கழிவுநீர்க் குழாய், டக்ட், ஒயர் எல்லாம் நேராக இறங்கிவிடும். இல்லையென்றால் பிளம்பர் ஜாயிஸ்டை வெட்டுவார். டாய்லெட் பீங்கானின் வாய் முடித்த சுவரிலிருந்து 12 அங்குலத்தில் வர வேண்டும். அங்கே சரியாக ஒரு ஜாயிஸ்ட் ஓடினால் போச்சு. நீங்கள் வட்டமிட வேண்டிய இடம் இதுதான்: குழாய்க்காக ஜாயிஸ்டின் அடிப்பட்டையையோ மேல்பட்டையையோ வெட்டியிருக்கிறார்களா என்பது. ஐ-ஜாயிஸ்டின் நடுப்பலகையில், தயாரிப்பாளரின் அட்டவணைப்படி துளை போடலாம்; பட்டையைத் தொடவே கூடாது. ஓரிரு அங்குலம் ஜாயிஸ்டை நகர்த்தி வைத்திருந்தால் இந்த வம்பே இருந்திருக்காது.

நேர்ப்படுத்தும் வித்தையைப் பார்ப்பது சுகமான விஷயம். பாட்டம் பிளேட்டையும் டாப் பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிப் போட்டு, மூலையில் டேப்பைக் கொக்கிபோட்டு இழுப்பார்கள். முதல் கோடு 16-ல் வராது, 15¼-ல் வரும். ஸ்டட்டின் கனம் 1½. அதில் பாதி முக்கால். 15¼-ல் ஸ்டட்டின் ஓரம் வந்தால் அதன் மையம் சரியாக 16-ல் விழும். கோட்டுக்கு எந்தப் பக்கம் மரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு பெருக்கல் குறி. இந்தக் குறி பக்கம் மாறினால் சுவர் முழுக்க ஒன்றரை அங்குலம் தப்பிவிடும். நாலு ஷீட் அடித்த பிறகுதான் தெரியும். ஜாயிஸ்டுக்கும் மாடிச் சுவருக்கும் டேப்பை அதே மூலையிலிருந்துதான் இழுக்க வேண்டும். கீழே இடது மூலை, மேலே வலது மூலை என்று இழுத்தால், வீட்டின் நீளம் 16-ஆல் மீதியின்றி வகுபடாத வரை எல்லாம் விலகும்.

ஒரே மூலையிலிருந்து இழுத்தும் விலகுகிற ஓர் இடம் உண்டு. சாதாரண மர ஜாயிஸ்ட் வீட்டின் முழு அகலத்துக்கும் எட்டாது. முன்சுவரிலிருந்து நடுச்சுவர் வரை ஒன்று, நடுச்சுவரிலிருந்து பின்சுவர் வரை இன்னொன்று. நடுச்சுவரின் மேல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, குறைந்தது 3 அங்குலம் ஒன்றையொன்று கடக்க வேண்டும். பக்கத்தில் படுத்தால் என்ன ஆகும்? முன்பக்க ஜாயிஸ்டின் மையம் 48-ல் இருந்தால் பின்பக்க ஜாயிஸ்டின் மையம் 49½-ல். முன்சுவரில் ஸ்டட் மேல் கச்சிதமாக உட்கார்ந்த வரிசை, பின்சுவரில் ஒவ்வொரு ஸ்டட்டிலிருந்தும் ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்கும். இரட்டைப் பிளேட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒற்றைப் பிளேட் போட்ட அமெரிக்க வீட்டில் இதுவே விதிமீறல். எல்லை ஒரு அங்குலம்தானே. அதே வீடு கனடாவில் இருந்தால் 38 மில்லிமீட்டர், 50-க்குள் அடங்கிவிடும். பின்பக்கத் தளப் பலகையின் விளிம்பும் மரத்தைத் தவறவிடும் என்பதால் அங்கே ஷீட்டை ஒன்றரை அங்குலம் நகர்த்திப் போடுவார்கள், இல்லையென்றால் ஜாயிஸ்டின் பக்கத்தில் ஒரு துண்டு மரம் அடிப்பார்கள். ஐ-ஜாயிஸ்ட் இரண்டு சுவரையும் எட்டுகிற நீளத்திலேயே வருவதால் இந்தத் தலைவலி இல்லை.

ஜன்னல், கதவு வருகிற இடத்தில் வரிசை குலையும் என்று கவலைப்பட வேண்டாம். அங்கே மேலே ஹெடர் என்ற குறுக்கு உத்திரம் படுத்திருக்கும். அதன் மேல் ஜாயிஸ்ட் எங்கே வந்தாலும் ஹெடர் வாங்கி, இரு பக்கத்து ஸ்டட் கட்டுக்குக் கொடுத்துவிடும்.

இனி, வட்டமிடாத அந்த இடம். வீட்டின் நடுவில், சமையலறையும் ஹாலும் சேரும் பக்கம் எடுத்த ஒரு படம். மாடிச் சுவரில் மூன்று ஸ்டட்களைச் சேர்த்து ஆணியடித்த ஒரு கட்டு நின்றது. அப்படி மூன்று சேர்த்திருந்தால் மேலே ஏதோ பாரமானது உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். படத்தை நகர்த்திப் பார்த்தால், பல டிரஸ்களைத் தன் தோளில் வாங்கும் கிர்டர் டிரஸ் ஒன்று அதன் மேல். கீழே பார்த்தால் மூன்று ஸ்டட் இல்லை. வழக்கமான ஒற்றை ஸ்டட், அதுவும் ஒரு சாண் தள்ளி. நடுவில் தளத்துக்குள் ஐ-ஜாயிஸ்டின் மெல்லிய பலகையைத் தவிர வேறு ஒன்றுமில்லை.

இங்கே 560 பவுண்ட் கணக்கு செல்லாது. ஒரு டூ-பை-ஃபோரின் முனைப் பரப்பு 5¼ சதுர அங்குலம். கீழே படுத்திருக்கும் பிளேட்டின் நாரைக் குறுக்கே நசுக்காமல் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு, ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் என்று விற்கும் மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 425 பவுண்ட் என்று வைத்திருக்கிறார்கள். ஆக ஒரு ஸ்டட் ஏறக்குறைய 2,200 பவுண்ட் வரை இறக்கலாம். மூன்று ஸ்டட் வைத்திருக்கிறார்கள் என்றால் வடிவமைத்தவர் அதற்கு மேல், பல ஆயிரம் பவுண்ட் எதிர்பார்த்திருக்கிறார். அந்த எடை ஒரே புள்ளியில் இறங்குகிறது. இதைப் பரப்ப இந்த இடத்தில் ரிம் ஜாயிஸ்டும் கிடையாது. அது வெளிச்சுவருக்கு மட்டும்தான். உட்சுவரில் மேல் ஸ்டட்டுக்குக் கீழே இருப்பது ஒரு பாட்டம் பிளேட்டும் தளப் பலகையும் மட்டுமே.

இப்படிப்பட்ட புள்ளிச் சுமைக்கு நேர்ப்படுத்தல் விருப்பம் அல்ல, கட்டாயம். மேலே மூன்று ஸ்டட் என்றால் கீழேயும் அதே கோட்டில் மூன்று ஸ்டட், அஸ்திவாரம் வரை. நடுவில் தளத்தின் உயரத்துக்குள் குத்துவாட்டில் மரக்கட்டைகள் நிற்க வேண்டும். அவற்றுக்கு ஸ்குவாஷ் பிளாக் என்று பெயர். ஐ-ஜாயிஸ்டின் உயரத்தைவிட 1/16 அங்குலம் கூடுதலாக அறுத்துத்தான் வைப்பார்கள். கூடுதலாக இருந்தால்தான் எடை முதலில் கட்டையின் மேல் விழும். சமமாக இருந்தால் ஜாயிஸ்டின் நடுப்பலகை பாதிச் சுமையை வாங்கி நசுங்கத் தொடங்கும். தம்பி பேசிய பிறகு பில்டரின் ஆள் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். வரைபடத்தில் கட்டையும் இருந்தது, கீழ்க் கட்டு ஸ்டட்டும் இருந்தது. போட மறந்திருக்கிறார்கள். அன்று பிற்பகலே போட்டுவிட்டார்கள். சண்டை வரவில்லை, வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் வராது.

மாடியில் சுமை தாங்கும் உட்சுவர் ஒன்று இருந்தால் அது கீழ்ச்சுவருக்கு நேர் மேலே இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டியது. கொஞ்சம் விலகலாம், சுவர் ஜாயிஸ்டுக்குக் குறுக்கே ஓடும்போது, ஜாயிஸ்டின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வரை விதி விடுகிறது. அதற்கு மேல் போனால் ஜாயிஸ்டையே கணக்குப் போட்டுப் பெரிதாக்க வேண்டும். டூ-பை-டென் என்றால் 9¼ அங்குலம். மாடி அறையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள் என்று நடுவில் கேட்டு, சுவரை ஓரடி நகர்த்த வைக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் எடை கீழே இறங்குகிற கதை. காற்று வீட்டை மேலே தூக்குகிற ஊரில் கணக்கு தலைகீழாகும். அழுத்தும்போது பிளேட்டும் ரிம்மும் சுமையைப் பரப்பிக்கொடுக்கும். தூக்கும்போது அவை ஒன்றும் செய்யாது, ஆணிதான் பிடிக்க வேண்டும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைக் கலைத்துப் போட்டபின் அங்கே விதிகள் இறுகி, 2002-இல் மாநிலம் முழுமைக்குமான கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. ஓக்லஹோமாவின் மூர் நகரை 2013 மே மாதம் சூறாவளி அழித்தபின், அடுத்த ஆண்டே அந்த நகரம் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்கும்படி வீட்டு விதிகளைத் திருத்தியது. அதில் ஒன்று, கூரைச் சட்டங்களை 24 அங்குலத்திலிருந்து 16 ஆக்கியது. ஸ்டட்டும் 16, கூரையும் 16. ஒரே மூலையிலிருந்து டேப்பை இழுத்துவிட்டால், கூரைச் சட்டத்தையும் ஸ்டட்டையும் ஒரே தகட்டால் சேர்த்துக் கட்டிவிடலாம்.

டெக்சாஸ் கடலோரத்திலும் ஃபுளோரிடாவிலும் வீடு பார்க்கிறவர்கள் மாடித் தளத்தின் மட்டத்தில் ஒரு காரியம் செய்யலாம். மாடி ஸ்டட்டையும் கீழ் ஸ்டட்டையும் இணைத்து, வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டை நேராகத்தான் ஓடும், வளைந்து போகாது. மேல் ஸ்டட்டும் கீழ் ஸ்டட்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் அதன் ஒரு முனை மரத்தைத் தவறவிட்டு வெறும் ஓ.எஸ்.பி.யில் ஆணியடிபட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உள்ளே வந்து, பஞ்சு அடைப்பதற்கு முன், ஜாயிஸ்ட் மட்டத்துக்குச் சற்று மேலும் கீழும் சுவரைப் பாருங்கள். ஸ்டட்டுக்குப் பக்கத்துக் காலியில் ஆணி நுனிகள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தால் பட்டை மரத்தைப் பிடிக்கவில்லை. அந்த வரிசைக்கு நேராகப் புதிதாக ஒரு ஸ்டட்டை மேல் பிளேட்டுக்கும் கீழ்ப் பிளேட்டுக்கும் இடையில் இறுக்கி நிறுத்தி, வெளியே பட்டையில் மறுபடி ஆணி இறக்கச் சொன்னால் போதும். ட்ரைவால் ஏறாத வரை இது இரண்டு ஆள் அரை மணி நேர வேலை.